‘பொது’ என்று நான் ஒதுக்கிய சீட்டு: விழுப்புரத்திலிருந்து பெருமுக்கலுக்கு

பெருமுக்கல் மலைக்கு எப்படிப் போவது என்று தேடி இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால், பேருந்து, நேரம், கட்டணம் எல்லாம் கீழே இருக்கின்றன. கல்லூரி இயற்பியல் மன்றத்தில் சேரலாமா, கிராமத்துப் பள்ளிகளுக்கு நிகழ்ச்சி நடத்தப் போகலாமா என்று யோசிப்பவராக இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். இந்த பிப்ரவரியில், இரண்டாவது சனிக்கிழமை, நான் தனியாக அங்கே போய் வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. பதிமூன்று மாதத்துக்கு முன் செய்யாமல் விட்ட ஒரு காரியத்துக்காகப் போனேன். காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தேதான் போனேன்.

என்னைப் பற்றி நாலு வரி. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இளநிலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர் பக்கம், வீட்டில் கரும்பு. முதலாம் ஆண்டிலேயே மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். அறிவியல் ஆர்வம் பொங்கி வழிந்தது என்றெல்லாம் கதை விட மாட்டேன். மன்ற வேலை என்றால் ஓ.டி. கிடைக்கும், அதாவது வகுப்புக்குப் போகாமலே வருகைப் பதிவு விழும். அதற்காகத்தான் சேர்ந்தேன். போகப் போக உண்மையிலேயே பிடித்துப்போய், இரண்டாம் ஆண்டில் மன்றச் செயலாளர் ஆனேன். அட்டைப் பெட்டியில் ஊசித்துளை கேமரா, குறுந்தட்டில் வண்ணச் சக்கரம், தண்ணீர் நிரம்பிய டம்ளரை அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்ப்பது என்று ஒரு மூட்டை சாமான் எங்களிடம் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அனந்தபுரம் தொடங்கிப் பல ஊர்ப் பள்ளிகளுக்குப் போனோம். டம்ளர் என்னுடைய ஐட்டம். தண்ணீர் கொட்டாமல் நிற்கும்போது பிள்ளைகள் போடும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே இன்னும் பத்துப் பள்ளிக்குப் போகலாம்.

ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் ஒரு பெட்டியை வைப்போம். மனதில் இருக்கிற கேள்வியை, பெயரும் வகுப்பும் போட்டு, ஒரு சீட்டில் எழுதிப் போடலாம். எத்தனை சீட்டு வேண்டுமானாலும் போடலாம். பதில்களைத் தட்டச்சு செய்து பள்ளிக்கு அஞ்சலில் அனுப்புவோம். இது எங்கள் மன்றத்தின் பெருமை. வேறு எந்த மன்றமும் இப்படிச் செய்வதில்லை என்று நானே மேடையில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் பொங்கல் முடிந்து பெருமுக்கல் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். பள்ளியின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. மறுநாள் ஆய்வகத்து மேசையில் சீட்டுகளைக் கொட்டி, நானும் என் தோழி நஸ்ரினும் பிரித்தோம். இயற்பியல் கேள்வி ஒரு பக்கம். மற்றதெல்லாம் ‘பொது’. பேய் உண்டா, நீங்க எந்த நடிகரோட ரசிகை, உங்க செருப்பு எங்க வாங்கினீங்க மாதிரியான சீட்டுகள் பொதுவுக்குப் போகும். பொதுவுக்குப் பதில் கிடையாது. ஆண்டறிக்கையில் எண்ணிக்கைக்கு மட்டும் சேரும்.

நஸ்ரின் ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். “இது என்னாடி பண்றது?” என்றாள். அதில் இருந்தது இதுதான்: “நான் பத்தாவது. பிசிக்ஸ் படிக்க ஆசை. எங்க தெருவில யாரும் படிக்கல. நீங்க எங்க வீட்டுக்கு வந்து எங்க அப்பாகிட்ட பேசுவீங்களா? மே மாசத்துக்குள்ள வாங்க. ஏ. சுகன்யா.”

நான் வாங்கிப் பார்த்தேன். “இது பிசிக்ஸ் கேள்வி இல்லடி, பொதுவுல போடு” என்றேன்.

“மே மாசம்னு போட்டுக்குதுடி.”

“பாத்துக்கலாம்.”

சிவப்புப் பேனாவால் மூலையில் ‘பொ’ என்று போட்டதும் நான்தான். இயற்பியல் கேள்விகளுக்கெல்லாம் மூன்று வாரத்தில் ஒழுங்காகப் பதில் அனுப்பினோம். அந்த வருடம் கல்லூரியில் சிறந்த மன்றம் என்று கேடயம்கூடக் கிடைத்தது. இந்த பிப்ரவரி முதல் வாரம், ஜூனியர்களிடம் பொறுப்பை ஒப்படைக்க அலமாரியைச் சுத்தம் செய்தபோது ரப்பர் பேண்ட் போட்ட பொதுக் கட்டு கையில் கிடைத்தது. மேலாக இருந்தது சுகன்யாவின் சீட்டு. மே மாதம் போய், இன்னொரு மே மாதமே வரப்போகிறது. 

இனி பயணம். காலை 8.15-க்கு விழுப்புரம் புதுப் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டி. திண்டிவனம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, கட்டணம் 32 ரூபாய். ஏறுவதற்கு முன் வண்டி திண்டிவனம் ஊருக்குள் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சில வண்டிகள் மேம்பாலத்தடியிலேயே இறக்கிவிட்டுப் பறந்துவிடும். நான் கேட்டேன். “உள்ள போவும்மா, ஜல்தி ஏறு. கேள்வியெல்லாம் வண்டி போய்க்கினு இருக்க சொல்லோ கேளு” என்றார் நடத்துநர். ஜன்னலோர இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் ஐந்து நிமிடம் நின்றோம். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் சுகன்யாவின் அப்பாவிடம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். இயற்பியல் படித்தால் ஆசிரியர் ஆகலாம், ஆராய்ச்சிக்குப் போகலாம், தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போகலாம். பதிமூன்று மாதத்துக்கு முன் சொல்லியிருந்தால் பயன்பட்டிருக்கும் பேச்சு. இப்போது யாருக்காக ஒத்திகை பார்க்கிறேன் என்று எனக்கே எரிச்சல் வந்தது.

9.10-க்கு திண்டிவனம். மரக்காணம் சாலையில் போகும் நகரப் பேருந்து 9.40-க்கு. பெண்களுக்கு இலவசம். ஆண்கள் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். இடையில் அரை மணி நேரம் இருந்தது. வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம் இருபது ரூபாய்க்கு வாங்கினேன், பாதிதான் தின்ன முடிந்தது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, “மலைக்கா போற? தனியாவா?” என்று கேட்டார். ஒரு பொண்ணைப் பார்க்கப் போகிறேன் என்றேன். “யாருக்கு, உங்க அண்ணனுக்கா?” என்றார். இல்லைங்க, படிப்பு விஷயமாக என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. 10.05-க்குப் பெருமுக்கலில் இறங்கினேன்.

முதலில் பள்ளிக்குப் போனேன். பத்தாம் வகுப்புக்குச் சனிக்கிழமை சிறப்பு வகுப்பு இருந்ததால் அறிவியல் டீச்சர் இருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று மகிழ்ச்சியாகக் கேட்டார். நான் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“இந்தப் பள்ளிக்கூடம் பத்தாவதோட சரி. சயின்ஸ் குரூப் வேணும்னா திண்டிவனம்தான் போவணும். இங்க பக்கத்து ஊரு ஸ்கூல்ல ஹிஸ்டரி குரூப்தான் கெடைக்கும், சுகன்யா அதுலதான் சேந்துச்சு. நான் அவங்கப்பாகிட்ட சொன்னேன்மா. டீச்சருன்னா அப்படித்தான் சொல்வாங்கன்னு நெனச்சிக்கினாரு. படிக்கிற பொண்ணு யாராவது நேர்ல போயிருந்தா வேற மாதிரி இருந்திருக்கும்” என்றார். டீச்சரின் குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீடு மலையடிவாரத்தில், பள்ளியிலிருந்து நடந்து எட்டு நிமிடம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். போன வருடம் நிகழ்ச்சி முடிந்தபோது மணி மூன்றுதான். வேன் நாலரைக்குத்தான் கிளம்பும். நாங்கள் பதினொரு பேரும் மலை ஏறி, கோயில் முன்னால் நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டோம். ஏற அரை மணி ஆனது. அந்தப் படங்களில் ஒன்று அன்றுவரை என் வாட்ஸ்அப் முகப்புப் படமாக இருந்தது. சுகன்யாவின் தெருவைத் தாண்டித்தான் மலைக்கு ஏறியிருக்கிறோம். சீட்டுகளை அன்றைக்கே பிரித்துப் படித்திருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு எட்டு போய் வந்திருக்கலாம். பெட்டியைக் கல்லூரியில் வைத்துத்தான் திறக்க வேண்டும் என்பது எங்கள் மன்ற வழக்கம். திறக்கிற படம் அறிக்கைக்கு வேண்டும், துறைத்தலைவர் படத்தில் இருக்க வேண்டும்.

சின்னத் தொகுப்பு வீடு. வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து ஒரு விநாடி யோசித்து, “நீங்க அந்த டம்ளர் அக்காதான?” என்றாள். அவள்தான் சுகன்யா. முகம் எனக்குத் துளியும் நினைவில் இல்லை. நூற்றைம்பது முகத்தில் ஒன்று. அவளுக்கு என் முகம் நினைவிருந்தது.

அப்பா பெயர் ஏழுமலை, கல்குவாரியில் வேலை. அன்றைக்கு வேலை இல்லாததால் வீட்டில் இருந்தார். அம்மா கேப்பை அறுவடைக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். நாற்காலியை எடுத்துப் போட்டு, “உக்காருங்கம்மா” என்றார். நான் யார் என்று சுகன்யா சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

“ஓ, விழுப்புரம் காலேஜு பொண்ணா! போன மே மாசமே வருவாங்கன்னு இது சொல்லிக்கினே இருந்துச்சும்மா. நானும் ரெண்டு ஞாயித்துக்கெழம வேலைக்கிப் போவாம வூட்லதான் இருந்தேன்” என்றார்.

மழை வரும் என்று பார்த்தேன், வரவில்லை என்பது போல இயல்பாகச் சொன்னார். பேருந்தில் ஒத்திகை பார்த்த எதையும் நான் சொல்லவில்லை. மன்னிச்சிடுங்க, சீட்டைப் படித்தேன், வந்திருக்க வேண்டும், வரவில்லை, என் தப்புதான் என்று மட்டும் சொன்னேன். அவர் கையை ஆட்டி, “பரவால்லம்மா, உங்களுக்கும் படிப்பு, பரிச்ச, எவ்ளோ பேஜாரு இருக்கும்” என்றார். அப்புறம் தானாகவே சொன்னார். “திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி இன்னொரு வண்டி மாறணும். அது கூடப் பெரிசில்ல. அத்தப் படிச்சா என்னா ஆவும், எவ்ளோ வருசம் படிக்கணும், ஒண்ணும் தெரியல. எங்க சனத்துல யாரக் கேக்கறது? அந்தப் படிப்பு படிக்கிற பொண்ணு ஒண்ணு வந்து சொன்னா அனுப்பிடலாம்னுதான் இருந்தேன். யாரும் வரல. அட்மிசன் முடியப் போவுதுன்னாங்க. சரி, பக்கத்துலயே சேத்துட்டேன்.”

என் வீட்டில் நான் இப்படிக் கேட்க வேண்டிய நிலையே வந்ததில்லை. இயற்பியல் படிக்கிறேன் என்றேன், சரி என்றார்கள், அவ்வளவுதான் என் கதை. அதனால்தான் அந்தச் சீட்டு எனக்குக் கேள்வியாகவே தெரியவில்லை. கருந்துளையைப் பற்றிக் கேட்டிருந்தால் இரண்டு பக்கம் எழுதியிருப்பேன்.

எழுதியும் இருக்கிறேன். சுகன்யா உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். அதில் எங்கள் மன்றத்தின் பதில் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. “மலை மேல தண்ணி சீக்கிரம் கொதிக்குமாமே, எங்க ஊர் மலையில எவ்வளவு சீக்கிரம் கொதிக்கும்?” என்ற கேள்வி. அந்த வருடம் வந்ததிலேயே நல்ல கேள்வி அதுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மலையின் உயரத்தைத் தேடிப் பிடித்து, கணக்குப் போட்டு, கொதிநிலை ஒரு டிகிரிகூடக் குறையாது, சாதாரண வெப்பமானியில் கண்டுபிடிப்பது கடினம் என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதியது நான். கேட்டவளின் பெயரை அப்போது கவனிக்கவே இல்லை. அதே கையெழுத்து. இரண்டு சீட்டும் ஒரே மேசையில், ஒரு முழம் இடைவெளியில் கிடந்திருக்கின்றன.

“ரெண்டு சீட்டு போட்டேங்க்கா. ஒண்ணுக்கு பதில் வந்துச்சு. இன்னொண்ணுக்கு வரல. நீங்க படிச்சிட்டீங்கன்னு தெரிஞ்சிடுச்சி. அப்ப அதுதான் பதில்னு நெனச்சிக்கினேன்” என்றாள் சுகன்யா.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இவர்கள் இரண்டு பேரும் என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். அந்தக் கேவலமும் வேண்டாம் என்று அடக்கிக்கொண்டேன். ஜூன் மாதம் திண்டிவனத்தில் அறிவியல் பிரிவில் மறுபடி பதினொன்றாம் வகுப்பில் சேரலாம், ஒரு வருடம்தான் தள்ளிப்போகும், சேர்க்கைக்கு நானே கூட வருகிறேன் என்றேன். ஏழுமலை மகளைப் பார்த்தார். “என்னாம்மா சொல்ற? நீ சொல்றதுதான்” என்றார்.

அவள் நோட்டை மூடினாள். “வேணாங்க்கா. கூடப் படிச்சதுங்கெல்லாம் மேல போயிடும். இப்ப நான்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட்டு. ஹிஸ்டரி நல்லாத்தான் இருக்குது” என்றாள்.

உண்மையாகவே பிடித்துச் சொன்னாளா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கவும் தைரியம் வரவில்லை. என் எண்ணைக் கொடுத்தேன், மனம் மாறினால் மே மாதத்துக்குள் கூப்பிடு என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் மே மாதம் என்று அவளிடம் நான் சொல்கிறேனே என்று உறைத்தது. அவள் சிரித்துக்கொண்டே எண்ணைக் குறித்துக்கொண்டாள். இதுவரை அழைப்பு வரவில்லை.

மன்றத்தில் சேர நினைப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து. சேருங்கள். ஓ.டி.க்காகச் சேர்ந்தாலும் பரவாயில்லை, நானே அப்படித்தான். ஆனால் பெட்டியை அந்த ஊரிலேயே திறந்து, அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பொது என்று ஒரு கட்டு போடாதீர்கள், போட்டால் அதை முதலில் படியுங்கள். தேதி போட்ட சீட்டு இருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு அதைக் கவனியுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்தினால், தேர்வு முடிந்து சேர்க்கை தொடங்குவதற்குள் ஒரு முறை திரும்பிப் போங்கள், மூட்டை முடிச்சு இல்லாமல், வீடுகளுக்கு. வீட்டில் பேச இரண்டு பெண்களாகப் போவது நல்லது. இதையெல்லாம் எங்கள் ஜூனியர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நஸ்ரினிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். “அன்னிக்கே உன்கிட்ட சண்ட போட்டிருக்கணும்டி நானு” என்றாள். போட்டிருக்கலாம்.

மலைக்கு மட்டும் போகிறவர்கள் காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை சுடும். மேலே தண்ணீர் கிடைக்காது, ஆளுக்கு ஒரு லிட்டராவது எடுத்துப் போங்கள். நான் இந்த முறை ஏறவில்லை. திரும்பும் நகரப் பேருந்து மதியம் 1.20-க்கு, அதை விட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். சாப்பாட்டைத் திண்டிவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போக வர எனக்கு ஆன பேருந்துச் செலவு 64 ரூபாய்.

1.20 பேருந்துக்கு ஏழுமலையே நிறுத்தம் வரை கூட நடந்து வந்தார். வண்டி வரும் வரை வெயிலில் நின்றோம்.

“விழுப்புரத்துலேந்து இதுக்குன்னேவா வந்தம்மா?” என்று கேட்டார்.

ஆமாங்க என்றேன்.

“எவ்ளோ நேரம் ஆச்சு வர்றதுக்கு?”

“திண்டிவனத்துல பஸ்ஸுக்கு நின்னதையும் சேத்து ஒரு மணி அம்பது நிமிஷங்க.”

அவர் பேருந்து வரும் திசையைப் பார்த்தார். “அவ்ளோதானாம்மா?” என்றார்.

அவ்வளவுதாங்க என்றேன்.